மைதானத்து ஆசான்களை மதிப்போம்

பழைய மாணவர் சங்கம் இல்லாத கல்லூரியை நம் நாட்டிலே காண்பது அரிது. ஆண்டுக்கு ஒருமுறை அச்சங்கங்கள் கூடுகின்றன. விருந்து நடைபெறுகின்றது, மேடையிலே பொன்னாடை போர்த்தப்படுகின்றது. வைத்தியராய் வந்தவர், பொறியியலாளராய்ப் புகழ் பெற்றவர், நீதிபதியின் ஆசனத்தில் அமர்ந்தவர், கடல் கடந்து சென்று பொருளும் பேரும் ஈட்டியவர் ஆகியோர் ஒருவர்பின் ஒருவராய் அழைக்கப்பட்டு மாலை சூட்டப் பெறுகின்றனர். இவையெல்லாம் வேண்டத்தக்கனவே, நாம் குறை கூறவில்லை. ஆயினும் அந்தப் பெயர்வரிசையிலே ஒருவரை நாம் பெரும்பாலும் காண்பதில்லை. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஓடவும் பாயவும் பழக்கி, தோற்றபோது அழாமலும் வென்றபோது துள்ளாமலும் நிற்கக் கற்பித்த உடற்கல்வி ஆசிரியரே அவர்.

‘பீ. ரீ. மாஸ்டர்’ என்று நாம் அவரை அழைக்கின்றோம். அந்த அழைப்பிலே அன்பு உண்டு. மதிப்பு உண்டோ என்பது ஐயம். கணித ஆசிரியரைக் கண்டால் எழுந்து நிற்கும் பெற்றோர், மைதானத்து ஆசிரியரைக் கண்டால் தலையசைத்துச் செல்வதை நாம் எத்தனையோ முறை கண்டிருக்கின்றோம். தம் மகன் உடற்கல்வியையே தொழிலாகக் கொள்ள விரும்புகின்றான் என்று கேட்டதும் வீட்டிலே எழும் வருத்தத்தையும் நாம் அறிவோம். “இவ்வளவு படித்தும் விசில் ஊதவா?” என்னும் கேள்வி ஒரு பிள்ளையின் உள்ளத்தைச் சுடும் கேள்வி. அக்கேள்விக்கு விடையாக ஒரு மனிதரின் வரலாற்றை இவ்வாரம் வாசகர் முன் வைக்க விரும்புகின்றோம். ஒரு பல்கலைக் கழகம் தன்னிடத்தே உடற்கல்வி பயின்று சென்றவர்களை எங்ஙனம் போற்ற வேண்டும் என்பதையும், போற்றத் தவறினால் எத்துணைக் காலம் வீணாகும் என்பதையும் அவ்வரலாறு காட்டும்.

கூடையும் பதின்மூன்று விதிகளும்

அந்த மனிதரைப் பற்றிக் கூறுமுன் அவருடைய ஆசானைப் பற்றிக் கூறுதல் முறை. கூடைப்பந்தாட்டத்தைக் கண்டவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பதை மாணவர் பலர் அறிவர். 1861 ஆம் ஆண்டிலே கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திற் பிறந்த இவர், ஒன்பது வயதிலே தாயையும் தந்தையையும் இழந்தவர். மொன்றியல் நகரத்து மக்கில் பல்கலைக் கழகத்திலே பட்டம் பெற்றபின், சமய குருவாகும் நோக்கத்துடன் இறையியலும் கற்றார். ஆயினும் பிரசங்க மேடையைக் காட்டிலும் ஆட்டக் களத்திலேயே இளைஞரின் நல்லொழுக்கத்தை வளர்க்க முடியும் என்னும் எண்ணம் அவருக்கு உண்டாயிற்று. 1890 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்திலுள்ள ஸ்பிறிங்ஃபீல்ட் நகரத்துப் பயிற்சிக் கல்லூரிக்குச் சென்றார். கிறித்தவ வாலிபர் சங்கத்துக்கு உடற்பயிற்சி ஆசிரியர்களை ஆயத்தம் செய்வதற்கென அமைந்த கல்லூரி அது.

அங்கே உடற்கல்விப் பகுதிக்குத் தலைவராய் இருந்தவர் லூதர் குலிக். பனிக்காலத்திலே வெளியில் ஆட இயலாமல் அடைபட்டுச் சலித்துக் கிடந்த மாணவர்க்கு, மண்டபத்துள் ஆடக்கூடிய புதிய ஆட்டமொன்றை இரு வாரத்துள் அமைத்துத் தருமாறு அவர் நெய்ஸ்மித்தைப் பணித்தார். நெய்ஸ்மித் அப்பணியைச் செய்த முறை ஆராயத்தக்கது. ஆட்டங்களில் முரட்டுத்தனம் எதனால் உண்டாகின்றது என்று முதலிற் சிந்தித்தார். பந்தைக் கையிலேந்தி ஓடுபவனைத் தடுக்கவே மற்றவர் அவனை இடித்து வீழ்த்துகின்றனர். ஆதலின் பந்தோடு ஓடுதல் கூடாது என்று விதித்தார். இலக்கு நேரெதிரே நிலத்தில் இருப்பின் பந்தை வன்மையாக எறிவர். ஆதலின் இலக்கைத் தலைக்கு மேலே கிடையாக வைத்தார். அங்ஙனம் வைத்தால் வேகத்தினும் நிதானமே பயன் தரும் அன்றோ!

பெட்டிகள் வேண்டும் என்று அவர் கேட்க, கட்டடக் காவலாளர் பழக் கூடைகள் இரண்டினைக் கொணர்ந்தார். அவை மண்டபத்து மேன்மாடத்தின் ஓரத்திலே பத்து அடி உயரத்தில் அறையப்பட்டன. பதின்மூன்று விதிகள் இரண்டு தாள்களிலே தட்டச்சுச் செய்யப்பட்டு ஒட்டப்பட்டன. 1891 டிசம்பர் மாதத்திலே பக்கத்துக்கு ஒன்பதின்மராகப் பதினெண்மர் ஆடிய முதலாவது ஆட்டத்திலே விழுந்த கூடை ஒன்றே ஒன்று. அந்த ஒன்றிலிருந்து எத்தனை கோடி விளைந்திருக்கின்றன என்பதை இன்று உலகம் அறியும்.

1898 ஆம் ஆண்டிலே நெய்ஸ்மித் கன்சஸ் மாநிலத்தின் லோறன்ஸ் நகரிலுள்ள பல்கலைக் கழகத்துக்கு உடற்கல்வி ஆசிரியராய்ச் சென்றார். அதற்குமுன் வைத்தியப் பட்டமும் பெற்றிருந்தார். 1937 ஆம் ஆண்டு இளைப்பாறும் வரை அங்கேயே கற்பித்தார். வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. அப்பல்கலைக் கழகத்தின் ஆடவர் அணியைப் பயிற்றிய தலைமைப் பயிற்றுநர்களுள், வெற்றியினும் தோல்வி மிகுந்த கணக்கை உடையவர் அவ்வாட்டத்தைக் கண்ட நெய்ஸ்மித் ஒருவரே. அவர் காலத்து வெற்றிகள் 55, தோல்விகள் 60. பதக்கக் கணக்கைக் கொண்டு மட்டும் மனிதரை அளப்போமாயின் நெய்ஸ்மித்தை நாம் தோற்றவர் பட்டியலிலேயே எழுதவேண்டும். அவருடைய உண்மையான கணக்கோ மாணவர் வாயிலாக எழுதப்பட்டது.

ஆட இடமில்லாத மாணவன்

அம்மாணவருள் ஒருவரே நாம் கூறவந்த ஜோன் மக்லென்டன். 1915 ஆம் ஆண்டிலே கன்சஸ் மாநிலத்திற் பிறந்த கறுப்பினத்தவர். கூடைப்பந்தாட்டத்தின் மேல் அவருக்கு இளமையிலிருந்தே தீராத பற்று. 1933 ஆம் ஆண்டில் உடற்கல்வி கற்பதற்காகக் கன்சஸ் பல்கலைக் கழகத்திற் சேர்ந்தார். அங்கே நெய்ஸ்மித் என்பவர் இருக்கின்றார், அவரையே நீ வழிகாட்டியாகக் கொள் என்று தந்தையார் கூறி அனுப்பினார் என்றும், தந்தை சொல் தவறாது என்று கூறி நெய்ஸ்மித் அவரை ஏற்றுக்கொண்டார் என்றும் சொல்வர். தந்தை சொல்லை மந்திரமாகக் கொள்ளும் நம்மவர்க்கு இச்செய்தி இனிக்கும்.

ஆயினும் அப்பல்கலைக் கழகத்தின் கூடைப்பந்து அணியிலே கறுப்பின மாணவர்க்கு அக்காலத்தில் இடம் இருக்கவில்லை. ஆட்டத்தைக் கண்ட பேராசானின் காலடியிலே அமர்ந்து ஆட்டத்தின் நுட்பங்களை எல்லாம் கற்ற மாணவன், தன் கல்லூரியின் சட்டையை அணிந்து ஒரு நாளேனும் களத்தில் இறங்க இயலாது. இக்கொடுமையை வாசகர்கள் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். சமையற் கலையை முழுதும் கற்பித்துவிட்டு, பந்தியில் மட்டும் இருக்க விடாத வீட்டை நாம் என்னென்போம்?

நீச்சல் தடாகத்துச் செய்தி இதனினும் கூர்மையானது. உடற்கல்விப் பட்டத்துக்கு நீச்சலிலும் தேறவேண்டும் என்பது விதி. தடாகத்திலோ கறுப்பினத்தவர் இறங்குதல் வழக்கில் இல்லை. இந்தச் சங்கடத்தைத் தீர்க்க அதிகாரிகள் எளிய வழியொன்று கண்டனர். நீந்தாமலே நீந்தியதாகப் புள்ளி வழங்க முன்வந்தனர். மக்லென்டன் அதனை ஏற்கவில்லை. தாம் பெறும் பட்டம் மற்றவர் பெறும் பட்டத்தினின்று ஓர் இழையும் குறைந்ததாய் இருத்தல் ஆகாது என்று நின்றார். தடாகத்தில் இறங்கினார், நீந்தினார். அவர் கரையேறியபின் தடாகத்து நீர் முழுவதும் வடித்து அகற்றப்பட்டது.

இளைஞன் ஒருவன் மனமுடைந்து ஊர் திரும்புவதற்கு இஃது ஒன்றே போதும். அவரோ திரும்பவில்லை. மாணவரிடையே ஆதரவு திரட்டினார், உரியவர்களோடு பேசினார், நெய்ஸ்மித்தின் துணையும் அவருக்கு இருந்தது. முடிவிலே அத்தடாகம் எல்லா மாணவர்க்கும் திறக்கப்பட்டது. கூச்சலோ கைகலப்போ இன்றி, உறுதி ஒன்றையே படையாகக் கொண்டு பெற்ற வெற்றி அது. 1936 ஆம் ஆண்டிலே அவர் பட்டம் பெற்றார். அப்பல்கலைக் கழகத்திலே உடற்கல்வியில் பட்டம் பெற்ற முதலாவது கறுப்பின மாணவர் அவரே. அடுத்த ஆண்டில் ஐயோவாப் பல்கலைக் கழகத்திலே முதுமாணிப் பட்டமும் பெற்றார்.

பூட்டிய கதவுக்குள் ஓர் ஆட்டம்

1937 ஆம் ஆண்டிலே வட கரோலினா மாநிலத்து டேர்ஹம் நகரில் கறுப்பின மாணவர்க்கென இருந்த கல்லூரியில் மக்லென்டன் பணி ஏற்றார். உடற்கல்வி கற்பித்தலும் அணியைப் பயிற்றுதலும் அவருடைய கடமைகள். அந்நாளிலே கூடைப்பந்தாட்டம் மெல்ல நடைபெறும் ஆட்டம். பந்தைப் பெற்றவர் நிதானமாக எதிர்ப்பக்கம் சென்று, இடம் பார்த்து எறிவர். மக்லென்டன் இதனை மாற்றினார். களம் முழுவதும் ஆட்டத்துக்கு உரியது, பந்து எவ்விடத்தில் உளதோ அவ்விடத்திலேயே தாக்குதல் தொடங்க வேண்டும் என்பது அவர் நெய்ஸ்மித்திடம் கற்ற பாடம். அதனை அடிப்படையாய்க் கொண்டு, பந்து கைக்கு வந்த கணத்திலேயே எதிரி ஒழுங்குபடுமுன் பாய்ந்து செல்லும் விரைவாட்டத்தையும், களம் முழுவதும் எதிரியை நெருக்கும் தடுப்பு முறையையும் அவர் வளர்த்தார். இத்தகைய ஆட்டத்துக்கு மூச்சு வேண்டும்; ஆதலின் தம் மாணவரின் உடலுரத்தை முதலிற் கட்டினார். சுவரை வைத்துச் சித்திரம் எழுதும் முறை அது.

1944 மார்ச் 12 ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை. டேர்ஹம் நகரத்தார் காலை வழிபாட்டுக்காகத் தேவாலயங்களிற் கூடியிருந்த வேளை. அந்நகரிலேயே உள்ள டியூக் பல்கலைக் கழகத்து மருத்துவ மாணவர் அணியினர், வெள்ளையர், மக்லென்டனுடைய கல்லூரி மண்டபத்துக்கு மறைவாக வந்தனர். இரு இனத்தாரும் ஒரு களத்தில் ஆடுதல் அம்மாநிலத்திலே தடைசெய்யப்பட்டிருந்த காலம் அது. அகப்பட்டால் இரு பக்கத்தார்க்கும் ஆபத்து. கதவுகள் பூட்டப்பட்டன. பார்வையாளர் எவரும் உள்ளே அனுமதிக்கப்படவில்லை.

தொடக்கத்திலே இரு பக்கத்தாரும் தயங்கித் தடுமாறினர். சிறிது நேரத்தில் மக்லென்டனின் மாணவர் தம் விரைவாட்டத்தைத் தொடங்கினர். ஆட்டம் முடிந்தபோது அவர்கள் 88, மருத்துவ மாணவர் 44. சரியாக இருமடங்கு! ஆனால் நம் உள்ளத்தைத் தொடுவது இக்கணக்கன்று, அதன்பின் நிகழ்ந்ததே. இளைப்பாறிய பின்னர் இரண்டு அணியினரையும் கலந்து புதிய அணிகளாகப் பிரித்து மீண்டும் ஆடினர். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே பக்கத்தில் நின்று ஒருவருக்கொருவர் பந்தை வழங்கினர். சட்டம் பிரித்தவர்களை ஒரு பந்து ஒரு காலைப்பொழுதிலே சேர்த்து வைத்தது. இச்செய்தி அரை நூற்றாண்டு காலம் மறைந்திருந்து, 1996 ஆம் ஆண்டிலேயே பொதுமக்கள் அறிய அச்சில் வந்தது.

பின்னர் அவர் பெற்ற வெற்றிகளைச் சுருங்கக் கூறுவோம். டெனசி மாநிலத்துக் கல்லூரி ஒன்றின் அணியைப் பயிற்றி, 1957, 1958, 1959 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து, எல்லா இனத்துக் கல்லூரிகளும் பங்குபற்றிய தேசியப் போட்டியொன்றிலே முதலிடம் பெறுவித்தார். தொழின்முறை அணியொன்றின் தலைமைப் பயிற்றுநராய் 1961 ஆம் ஆண்டிலே அமர்ந்தார். 1966 ஆம் ஆண்டிலே கிளீவ்லண்ட் நகரத்து அரச பல்கலைக் கழகம் அவரைத் தன் தலைமைப் பயிற்றுநராக்கியது. வெள்ளை மாணவர் மிகுந்த பல்கலைக் கழகமொன்றில் அப்பதவியைப் பெற்ற முதலாவது கறுப்பினத்தவர் அவர்.

காலந் தாழ்ந்த மாலை

இனி, மரியாதையின் வரலாற்றைப் பார்ப்போம். நெய்ஸ்மித்தின் பெயரால் ஸ்பிறிங்ஃபீல்ட் நகரிலே கூடைப்பந்துப் புகழ் மண்டபம் ஒன்று உண்டு. 1979 ஆம் ஆண்டிலே மக்லென்டன் அதிற் சேர்க்கப்பட்டார். ஆனால் எப்படிச் சேர்க்கப்பட்டார்? ‘பங்களிப்புச் செய்தவர்’ என்னும் பிரிவிலே! தம் வாழ்நாள் முழுவதும் பயிற்றுநராய் நின்று, நாடு முழுவதும் ஆடும் முறையையே மாற்றியவரைப் பயிற்றுநர் என்று கூற அன்று எவருக்கும் வாய் வரவில்லை. 1999 ஆம் ஆண்டிலே அவர் காலமானார். பயிற்றுநர் என்னும் பெயரால் இரண்டாம் முறை அவர் அம்மண்டபத்திற் சேர்க்கப்பட்டது 2016 ஆம் ஆண்டில். முதல் மாலைக்கும் இரண்டாம் மாலைக்கும் இடையே 37 ஆண்டுகள். இரண்டாம் மாலை விழுந்தபோது அதனை ஏற்கக் கழுத்து இல்லை.

அதே 2016 ஆம் ஆண்டிலே கன்சஸ் பல்கலைக் கழகத்திலும் ஒரு திறப்பு நிகழ்ந்தது. நெய்ஸ்மித்தின் விதிகள் தட்டச்சிடப்பட்ட அந்த இரண்டு தாள்களும் 2010 டிசம்பரிலே நியூயோர்க் நகரில் ஏலத்துக்கு வந்தன. அப்பல்கலைக் கழகத்துப் பழைய மாணவர் ஒருவர் 43 இலட்சம் டொலருக்கு மேற் கொடுத்து அவற்றை வாங்கினார். அத்தாள்களை வைப்பதற்கென எழுந்த கட்டடமே 2016 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. பழம்பொருளைப் பேணுதல் நன்று. அப்பழைய மாணவரின் பற்றும் பாராட்டத்தக்கது. எனினும் நமக்கு ஓர் எண்ணம் தோன்றுகின்றது. அந்தப் பதின்மூன்று விதிகளும் தாளிலே மட்டும் இருந்திருப்பின் என்றோ மக்கிப் போயிருக்கும். அவற்றை உயிரோடு காத்தவர்கள் கற்றுக்கொடுத்த ஆசிரியர்கள். தாளுக்கு ஒரு கட்டடம் எழுப்பும் உலகம், ஆசிரியருக்கு அவர் கண் காண ஒரு சொல்லேனும் கூறக் கடமைப்பட்டுள்ளது.

எங்ஙனம் போற்றுவது?

இவ்வரலாற்றிலிருந்து நாம் அறியக் கூடியவை சில உள.

முதலாவது, உரிய காலத்திலே போற்ற வேண்டும். இறந்தபின் எழுதும் இரங்கற்பா எத்துணை இனிதாயினும் அதனை அவர் கேட்கப் போவதில்லை. இளைப்பாறிய உடற்கல்வி ஆசிரியர் எத்தனை பேர் நம் ஊர்களிலே, நாம் வீதியிற் கண்டும் காணாமற் செல்லும்படி வாழ்கின்றனர்! அவர்களை அழைப்பதற்கு இறப்பு அறிவித்தல் வரும் வரை காத்திருத்தல் அறமாகாது.

இரண்டாவது, போற்றும்போது முழுக் கதையையும் கூற வேண்டும். ‘இவர் எம்மிடம் படித்தவர்’ என்று மார்தட்டும் கழகம், ‘இவரை யாம் ஆடவிடவில்லை, இவர் நீந்திய நீரை வடித்தோம்’ என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குறையை மறைத்துச் செய்யும் மரியாதை, பெறுபவருக்கன்றிக் கொடுப்பவருக்கே செய்யும் மரியாதையாய் முடியும். தன் தவறைக் கூறத் துணிந்த நிறுவனத்தின் வாயிலிருந்து வரும் புகழுரைக்கே நிறை உண்டு.

மூன்றாவது, அளவுகோலை மாற்ற வேண்டும். உடற்கல்வி பயின்றவர் தாம் வென்ற கிண்ணங்களால் மட்டும் அளக்கப்படுவாராயின், 60 தோல்விகண்ட நெய்ஸ்மித்தும், கல்லூரி அணியிலே ஆடாத மக்லென்டனும் பட்டியலில் இடம் பெறார். அவர் எத்தனை பேரைப் பழக்கினார், பழகியவர் எத்தனை பேரைப் பழக்கினர் என்று கேட்பதே சரியான கேள்வி.

நான்காவது, பெரும் போட்டிகளோடு தொடர்பில்லாமல், மக்களின் ஓய்வு நேரத்தைப் பயனுறச் செய்தவர்களையும் மறத்தலாகாது. நெய்ஸ்மித்தைப் பணித்த குலிக், 1906 ஆம் ஆண்டிலே அமெரிக்க விளையாட்டுத் திடற் சங்கத்தின் முதலாவது தலைவரானார். நெருக்கமான நகரங்களிலே தெருவிற் கிடந்த சிறுவர்க்கு ஆடுவதற்கு இடம் வேண்டும் என்பதே அச்சங்கத்தின் நோக்கம். அவ்விடங்களிலே ஆடிய பிள்ளைகள் எவருக்கும் பதக்கம் கிடைத்திராது. ஆனால் ஆரோக்கியம் கிடைத்தது. கூடி வாழும் குணம் கிடைத்தது. இதனைச் செய்தவரும் போற்றத்தக்கவரே.

நம் வீட்டு வாசலில்

இவையெல்லாம் தூரதேசத்துக் கதைகள், நமக்கு என்ன என்று எவரும் கேளாதிருப்பாராக. மேலே கூறிய ஸ்பிறிங்ஃபீல்ட் கல்லூரியிலே பயின்ற வில்லியம் மோகன் என்பவரே 1895 ஆம் ஆண்டிலே கரப்பந்தாட்டத்தை அமைத்தவர். கூடைப்பந்தாட்டம் வயது முதிர்ந்த வணிகர்க்குக் கடினமாய் இருத்தல் கண்டு, ஒருவரை ஒருவர் முட்டாமல் வலையின் இரு புறமும் நின்று ஆடும் ஆட்டமாக அதனை வகுத்தார். மாலை வேளையிலே நம் கிராமத்து வெளிகளில் இரு கம்பங்களுக்கிடையே வலை கட்டி இளைஞர் ஆடும் அந்த ஆட்டம், 1991 ஆம் ஆண்டு முதல் இலங்கையின் தேசிய விளையாட்டு.

அதே கல்லூரியிலே பயின்ற ஹறி குறோ பக் என்பவர் சென்னைக்கு வந்து, 1920 ஆம் ஆண்டிலே உடற்கல்விக் கல்லூரியைத் தொடக்கினார். 1924 ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் போட்டிக்கு இந்திய அணியை அழைத்துச் சென்றவரும் அவரே. உடற்கல்வி என்பது வெறும் கைகாலசைப்பு அன்று, முறையாகக் கற்றுக் கற்பிக்க வேண்டிய கல்வி என்பதைத் தமிழ்நாட்டிலே நிலைநாட்டிய பெருமை அவரைச் சாரும். அவர் வைத்த விளக்கிலிருந்து ஏற்றிய திரிகள் பல. இன்று நம் நாட்டிலேயே சபரகமுவப் பல்கலைக் கழகத்தில் உடற்கல்விக்கெனப் பட்டப்படிப்பு உண்டு. ஆகவே, ‘விசில் ஊதவா?’ என்று கேட்கும் பெற்றோர், அவ்விசிலின் பின்னே உடற்கூற்றியலும் உளவியலும் பயிற்சியியலும் நிற்பதை அறிதல் வேண்டும்.

1958 ஆம் ஆண்டு தோக்கியோ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவிலே உயரம் பாய்தலில் இலங்கைக்கு முதலாவது தங்கப் பதக்கத்தை ஈட்டியவர், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவராய் இருந்த எதிர்வீரசிங்கம். அவர் பெயரை அறியாத தமிழ் இல்லம் அந்நாளில் இல்லை. அத்தகைய ஒரு பெயர் ஒளிபெறும் பொழுதெல்லாம் நாம் ஒன்றை எண்ணுதல் வேண்டும். ஒரு பிள்ளை முதன்முறை குறுக்குக் கம்பத்தைத் தட்டி விழுத்தியபோது, “மறுபடி பாய்” என்று சொல்ல மைதானத்திலே ஒருவர் நின்றிருப்பார். கம்பத்தைத் தாண்டியவரின் பெயர் பத்திரிகையில் வரும். கம்பத்தை மீண்டும் தூக்கி வைத்தவரின் பெயரை யார் எழுதுவது?

நம் பாடசாலைகளிலே பரீட்சை நெருங்கியதும் முதலிற் பலியாவது உடற்கல்விப் பாடவேளை. கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் அதனைக் கடனாகக் கேட்கின்றனர். அக்கடன் திரும்பிய வரலாறு இல்லை. பாடசாலை விட்டதும் தனியார் வகுப்பு; அது விட்டதும் வீட்டுப்பாடம். இல்ல விளையாட்டுப் போட்டி நடைபெறும் இரண்டு வாரங்கள் நீங்கலாக மைதானத்திலே புல் தடையின்றி வளர்கின்றது. பிள்ளைகள் ஓடாத மைதானத்திலே ஆசிரியர் மட்டும் எங்ஙனம் சிறப்பார்? ஆசிரியரைப் போற்றுதல் என்பது அவருக்கு ஒரு மாலை இடுதலோடு அமைவதன்று. அவருடைய பாடவேளையை அவருக்கே விடுதலும் போற்றுதலேயாம். அதிபர்களும் பெற்றோரும் இதனைச் சிந்திப்பார்களாக.

பழைய மாணவர் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஒன்றுகூடலிலே பொன்னாடைகளை எண்ணும்போது ஒன்றினைக் கூட்டி வாங்குங்கள். உங்களை ஓட வைத்த ஆசிரியர் எங்கே இருக்கின்றார் என்று விசாரித்து, வாகனம் அனுப்பி அழைத்து வாருங்கள். உங்கள் கல்லூரியிலிருந்து உடற்கல்வி கற்கச் சென்று, ஏதோ ஓர் ஊரிலே ஆசிரியராய் இருக்கும் இளைஞனையும் அவர் பக்கத்தில் அமர்த்துங்கள். அக்காட்சியைக் காணும் சிறுவரில் ஒருவனாவது தன் விருப்பத்தை வீட்டிலே அஞ்சாமற் சொல்வான்.

மாணவர்க்கும் ஒரு வேலை தருகின்றோம். உங்கள் ஊரில் இளைப்பாறிய உடற்கல்வி ஆசிரியர் ஒருவரிடம் சென்று அமருங்கள். அவர் எங்கே பயின்றார், யாரிடம் பயின்றார், முதன்முதல் எந்த அணியைப் பழக்கினார், அக்காலத்தில் பந்து எங்கிருந்து வந்தது, சப்பாத்து இல்லாப் பிள்ளைகள் எப்படி ஓடினர் என்றெல்லாம் கேட்டு இரண்டு பக்கங்களில் எழுதுங்கள். அதனைக் கல்லூரிச் சஞ்சிகையிலே இடம்பெறச் செய்யுங்கள். நெய்ஸ்மித்தின் விதிகளும் இரண்டு தாள்களே என்பதை நினைவிற் கொள்க. அவை ஏலம் போகாவிட்டாலும், அந்த முதியவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அவற்றை வாசிக்கும் நேரமே உங்களுக்குப் போதிய பரிசாகும்.

அடுத்த வாரம் வேறொரு பொருளோடு சந்திப்போம்.